ஒரு வட்டம், ஒரு வேலை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, பெற்றோர்களே!

தென்மாவட்டங்களில் இருந்து சென்னைக்குப் போற வண்டிகள் ராத்திரி பகலா நம்ம ஊர் வழியாத்தான் போகுது. 2019 செப்டம்பர் 1-ம் தேதி குரூப் 4 தேர்வு முடிஞ்சது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து விடைத்தாள்கள் சென்னைக்குக் கிளம்பின. வழியிலேயே சிலருடைய விடைகள் மாறிப்போச்சு.

எப்படி? அந்தத் தேர்வர்கள் சில மணி நேரத்தில் அழிஞ்சுபோற மையால் வட்டங்களைக் கருக்கியிருந்தாங்க. மை மறைஞ்ச தாள்களில், இடைத்தரகர்கள் சரியான விடையைக் கருக்கிவிட்டு, பழையபடி கட்டுக்குள் வச்சுட்டாங்க.

மாட்டியது எப்படித் தெரியுமா? தரவரிசைப் பட்டியல் வந்ததும், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதினவங்க முதல் 100 இடங்களில் கூட்டமா நின்னாங்க. "இது எப்படி?"ன்னு கேட்டவங்க சக தேர்வர்கள்தான். தேர்வாணையம் விசாரிச்சது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிச்சது. வழக்கு சிபிசிஐடி-க்குப் போனது; அரசு ஊழியர்கள் உட்படப் பலர் கைதானாங்க.

குரூப் 4-ன்னா கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலை. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நாம போய் நிக்கிறது இவங்க முன்னாடிதான். காசு கொடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர், போட்ட காசை யாரிடம் எடுப்பார்? நம்மகிட்டதானே! வருஷக்கணக்கா நூலகத்தில் உட்கார்ந்து படிச்ச பிள்ளையின் இடமும் போச்சு.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. விடைத்தாளில் கைரேகை வைக்கணும். விடை தெரியலைன்னா வெறுமனே விடக் கூடாது. 'E' வட்டத்தைக் கருக்கணும். ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை கருக்கினீங்கன்னு எண்ணி எழுதணும்னும் விதி வந்தது. காலி வட்டம் இல்லாத தாளில், எண்ணிக்கையும் பதிவான பிறகு, பின்னாடி புகுந்து விளையாடுறது ரொம்பக் கஷ்டம். அந்த எண்ணிக்கை உங்களுக்குப் பூட்டு மாதிரி. சலிச்சுக்காம, நிதானமா எழுதுங்க.

இப்போ ஆபத்து உங்க கையிலிருக்கும் போனில் வருது. "வினாத்தாள் இருக்கு, முன்பணம் அனுப்புங்க"ன்னு வாட்ஸ்அப், டெலிகிராமில் செய்தி வந்தா, அனுப்பாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க; ஆணையத்துக்கும் காவல் துறைக்கும் சொல்லுங்க. பணம் போயிருந்தா உடனே 1930-க்கு அழையுங்க. நிரந்தரப் பதிவு, ஹால் டிக்கெட், விடைக்குறிப்பு எல்லாமே தேர்வாணைய இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். கடவுச்சொல்லை எந்த சென்டரிலும் விட்டுட்டு வராதீங்க.

பெற்றோர்களே, "நிலத்தை வித்தாவது வேலை வாங்கித் தர்றேன்"னு சொல்லாதீங்க. நிலமும் போகும், மாட்டினா, பிள்ளை இனி தேர்வே எழுத முடியாது.

அன்னைக்குச் சந்தேகப்பட்டுக் கேட்டவங்க உங்களை மாதிரி சாதாரணத் தேர்வர்கள்தான். நீங்களும் கேளுங்க.