வெள்ளைச் சீட்டு
மேலவளவு நினைவுச் சொற்பொழிவு, செஞ்சி



2025இல் நம் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளின் பெயரைக் கேட்டுப் போகிறார்கள். நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் உண்டு. அதற்குப் பழைய பெயர் சக்கிலி துர்க்கம். தேசிங்கு ராஜன் கதையில் அவன் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது. இந்தக் குன்றில் இருந்தவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்று நாம் புரட்டிய வழிகாட்டிப் புத்தகம் எதிலும் ஒரு வரி இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இப்படித்தான். தலைவர் என்று நம் ஆள் ஒருவரின் பெயர் பலகையில் இருக்கும். அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

மேலவளவு முருகேசனால் உட்கார முடியவில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் முதல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கத்து மேலவளவு, தனி ஊராட்சியானது. மிரட்டலில் வேட்புமனுவைத் திரும்பப் பெற்றார்கள், வீடுகள் எரிந்தன, வாக்குச்சாவடியில் புகுந்து ரகளை செய்தார்கள். அத்தனைக்கும் பிறகு போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்ததை இங்கே இருக்கிற மாணவர்கள் செய்தியாகப் படித்திருப்பீர்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நாலு ஊராட்சிகளில் கொலைக்குப் பதில் வேறு உபாயம் செய்தார்கள். பத்து வருஷம் மனுத்தாக்கல் செய்ய ஆளே வரவில்லை. அல்லது, ஊர் சொன்ன ஆளே நின்று, ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக்கொடுத்தார். 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் நிலைத்தார்கள். அது தானாக நடந்ததில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் மனித உரிமை அமைப்புகளும் தனித்தனிக் கொடியோடு, ஆனால் ஒரே கோரிக்கையோடு வருஷக்கணக்காக நின்றன. அப்போதைய மாவட்ட நிர்வாகமும் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நடந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

சரி, நாற்காலி கிடைத்தது. பிறகு என்ன? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான ஒரு பெண்ணை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதைச் சுற்றிப் போட்டிருந்த மற்ற நாற்காலிகளையும் பார்த்திருக்க வேண்டும். நாம் இன்றைக்குப் பேச வந்தது அந்த மற்ற நாற்காலிகளைப் பற்றி.

ஊராட்சியில் காசோலைக்குத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றத்துக்குள்ளே, வார்டு உறுப்பினர்களின் ஓட்டில் வருகிற பதவி அது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு இருக்கிறது, துணைத் தலைவருக்கு இல்லை. தனி ஊராட்சியில் நம் ஆள் தலைவராக வந்தால், ஊர்த்தெரு உறுப்பினர்கள் ஒன்றுகூடித் தங்கள் ஆளைத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டால் போதும். தெருவிளக்கு பல்புக்குப் பில் போட்டாலும் அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நாம் சந்தித்த தலைவர் ஒருவர், "அஞ்சு வருஷமும் அவங்க வீட்டு வாசல்லயே போச்சு" என்றார். அரிவாள் தேவையில்லை, பேனாவை மூடி வைத்தாலே போதும்.

பம்பாய் சட்டமன்றத்தில் 1932இல் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அம்பேத்கர் எதிர்த்துப் பேசினார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாமல் ஊருக்கு அதிகாரம் தரக் கூடாது என்பது அவர் வாதம். தலைவர் நாற்காலி ஒன்றைத் தந்துவிட்டு மன்றத்தை ஊரிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊராட்சிகளே சாட்சி.

உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்தில் ஓட்டுப் போடுகிறவருக்கு நாலு சீட்டு. மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு. வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு. கட்சிகள் மஞ்சளுக்கும் பச்சைக்கும்தான் அடித்துக்கொள்கின்றன, அவற்றில்தான் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளைச் சீட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஓரிரு ஓட்டில் முடிவாகும், சமமானால் குலுக்கல் போடுகிற இடம் அது. அம்பேத்கர் மன்றம், மகளிர் குழு, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், பறையடிக்கிற கலைக்குழு, இரவுப் பாடசாலை நடத்துகிற பிள்ளைகள் என்று நம்மிடம் இருக்கிற சின்னச் சின்ன அமைப்புகளின் பலத்துக்கு அளவான சீட்டு அதுதான். பணம் இல்லை என்று சொல்லவும் முடியாது. நமக்கு வைப்புத்தொகை 100 ரூபாய்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே காலனியில் பங்காளிகள் இரண்டு பேர் நிற்கிறோம். மூன்றாவது ஆள் ஜெயிக்கிறார். செஞ்சி வட்டாரத்தில் 2021 செப்டம்பரில் ஊராட்சிப் பதவியை ஏலம் விட்டார்கள் என்ற செய்தி தொலைக்காட்சி வரைக்கும் போனது. ஏலத்தைக் கண்டித்து அறிக்கை விட்டோம், சரிதான். அந்தத் தேர்தலில் எத்தனை வார்டுகளில் நம் அமைப்புகள் கூடி ஒரே ஆளை நிறுத்தின என்று கேட்டால் நமக்கே தலை கவிழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட்டமைப்பு என்று எழுதுகிறோம். அருந்ததியர் குடும்பங்கள் பத்து வீடு என்றால் அவர்களை ஓட்டுக்கு மட்டும் கூப்பிடுகிறோம். இருளர் குடியிருப்புக்கு நோட்டீஸ் கொடுக்கப் போகிறோம், அங்கிருந்து ஒருவரை நிறுத்த வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நிற்கலாம் என்றாலும் சாதிச் சான்றிதழ் இருக்காது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தை மையமாக வைத்து இந்தச் சான்றிதழுக்காகவே எத்தனை வருஷமாக அலைகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த அலைச்சலில் நாம் எத்தனை முறை கூடப் போனோம்? சக்கிலி துர்க்கத்தின் பெயரை வைத்து வருத்தப்படுகிற நாம், நம்முடைய துண்டறிக்கையில் யார் பெயரை விடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

பெண்களுக்குப் பாதி இடம் இருக்கிறது. அதில் நம் சங்கத்து ஆண்கள் மனைவி பெயரில் மனுப் போட்டுவிட்டுத் தாங்களே கூட்டத்துக்குப் போவதும் நடக்கிறது. அதைப் பற்றி வெளியே யாரும் சொல்ல வேண்டியதில்லை, நாமே சொல்லிவிடுவோம்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மற்ற 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது. மாவட்டப் பிரிப்பில் சிக்கிய விழுப்புரத்துக்கு 2021 அக்டோபர் வரை மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். அப்போது வந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைகிறது. தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும், மனுத்தாக்கலுக்குக் கிடைப்பது சில நாள்கள்தான். அந்தச் சில நாளில் சான்றிதழ் வாங்க முடியாது, பங்காளிச் சண்டையைத் தீர்க்கவும் முடியாது.

அதனால் செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களிலிருந்து வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கலைந்துவிட வேண்டாம். உங்கள் ஊராட்சியில் எத்தனை வார்டு, எந்த வார்டில் எந்தத் தெரு, நம் ஓட்டு எத்தனை, யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாக்காளர் பட்டியலைப் பின்பக்க மேசையில் வைத்திருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு இரண்டு பேராக உட்கார்ந்து உதவுவார்கள். இருளர் குடியிருப்புகளிலிருந்து வந்திருக்கும் அக்காமார்கள் முன் வரிசைக்கு வாருங்கள், முதலில் உங்கள் தாளை எழுதலாம்.