பெருஞ்சீரகம்: உணவும் மருந்தும்

(சுவிற்சர்லாந்தில் நடைபெற்ற பெற்றோர், இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்லன்; பொறியியல் கற்றுக் கணினித்துறையில் பணிபுரிபவன். ஆயினும், எமது கறித்தூளில் மல்லி, மிளகு, நற்சீரகத்தோடு சேரும் பெருஞ்சீரகத்தைப் பற்றிக் கைத்தொலைபேசிகளில் பரவும் செய்திகளைச் சரிபார்க்கும் கடமை எம் எல்லோருக்கும் உண்டு.

முதலில் பெயர். தமிழகத்தார் சோம்பு என்பதும் நாம் பெருஞ்சீரகம் என்பதும் ஒன்றே. யேர்மன் மொழியில் அது பென்ஹெல், பிரெஞ்சில் பெனூய், இத்தாலிய மொழியில் பினோக்கியோ. இங்கே கடைகளில் மரக்கறியாக விற்கப்படும் வெண்ணிறக் கிழங்கு போன்ற பகுதியும் அதே தாவர இனத்தின் ஒரு வகையே. ஆனால் கியூமெல் என்று எழுதப்பட்டிருப்பது வேறொரு விதை. எமது நற்சீரகத்தின் பெயர் குறொய்ஸ்கியூமெல்.

இதன் மணத்துக்கு முதன்மைக் காரணம் அனெத்தோல் என்னும் எண்ணெய்ப் பொருள். குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் தன்மை பெருஞ்சீரக எண்ணெய்க்கு உண்டென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. உணவுக்குப் பின் சிறிது மெல்லும் எம்மவர் வழக்கம் பொருளற்றதன்று. வயிற்றுப் பொருமலுக்கு, வளர்ந்தோர் 1.5 முதல் 2.5 கிராம் வரை நசுக்கி, கால் லீற்றர் கொதிநீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நாளுக்கு மூன்று வேளை அருந்தலாம் என்பது ஐரோப்பிய மருந்து முகவரகத்தின் மூலிகைக் குழு ஏற்றுக்கொண்ட மரபு முறை. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரலாகாது.

அடுத்து, அன்ரிஒக்சிடன்ற் என விளம்பரங்கள் முழங்கும் ஒட்சியேற்ற எதிர்ப்பொருட்கள். குவர்செற்றின் போன்றவை பெருஞ்சீரகத்தில் உள்ளமை உண்மை. ஆனால் சோதனைக் குழாயில் நிகழ்வது உடலிலும் அப்படியே நிகழும் என்று கொள்ள முடியாது. குடலும் ஈரலும் அவற்றை மாற்றிவிடுகின்றன. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், பீற்றா கரோட்டின் மாத்திரை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியது. அதுவும் ஓர் ஒட்சியேற்ற எதிர்ப்பொருளே. எனவே பெருஞ்சீரகம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நம்பிச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

தாய்மார்களே, இதனைச் சிறப்பாகக் கவனியுங்கள். கைக்குழந்தை அழுதால் பெருஞ்சீரகத் தேநீர் கொடுப்பது எம்மிடமும் சுவிஸ் மக்களிடமும் உள்ள பழக்கம். ஆனால் முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிறு வயிற்றைத் தேநீர் நிரப்பினால் பாலுக்கு இடமில்லை. மேலும் பெருஞ்சீரகத்திலுள்ள எஸ்ட்ராகோல் என்னும் பொருள், அதிக அளவில் எலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது புற்றுநோயை உண்டாக்கியது. கறியில் சேரும் அளவு கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுப்பதை மேற்குறித்த குழு பரிந்துரைக்கவில்லை. கருவுற்றோரும் வைத்தியரைக் கேட்காமல் மருந்தாக உட்கொள்ளலாகாது. செறிந்த எண்ணெயைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் 145 என்ற இலக்கத்தில் நச்சியல் ஆலோசனை இரவு பகலாகக் கிடைக்கும்.

இளையோரே, வைத்தியரிடம் அம்மாவுக்காக மொழிபெயர்ப்பவர்கள் நீங்கள். வீட்டு மருந்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள். அம்மா எதை, எவ்வளவு, எத்தனை நாள் உட்கொண்டார் என்பதைச் சரியான பெயரோடு கூறுங்கள். அந்த ஒரு சொல் தவறான சிகிச்சையைத் தடுக்கக்கூடும்.

முன்னோர் தந்த அறிவைப் போற்றுவோம். அதனை ஆராய்ந்தும் பார்ப்போம்.