ஒளிக்க ஒன்றுமில்லையாம்!

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நாம் பேசியதை, சில இடங்களில் விரித்தும் சில இடங்களில் சுருக்கியும் இங்கு வெளியிடுகின்றோம்.)



இன்று நாம் கைப்பேசியைப் பற்றிப் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நாம் அந்தச் சாஸ்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, பிறகு கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், ஒன்றிரண்டு கருவிகளைக் கெடுத்தும் கற்றுக் கொண்டதுதான் நமது கல்வி. ஆகையால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் யாரும் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

இங்கு வருவதற்கு முன் டீக்கடையில் ஒரு நண்பரோடு பேசிக் கொண்டிருந்தோம். யோக்கியமான மனிதர், உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "அய்யா, நான் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. சர்க்கார் பார்த்தாலென்ன, கம்பெனி பார்த்தாலென்ன? ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குப் பயமெதற்கு?" என்று கேட்டார். கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். வந்திருக்கிறாரோ என்னவோ தெரியவில்லை. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், வக்கீல்கள்கூட இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆதலால் இன்று நாம் பேசப்போவது முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்.

முதலில், பார்ப்பது என்றால் என்ன? உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி, நீங்கள் பேசாமலிருக்கும்போதும் பக்கத்துக் கோபுரத்துக்குத் தன் இருப்பைச் சொல்லிக் கொண்டே இருக்கிறது. சொல்லாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பு உங்களைத் தேடி வரமுடியாது. இது யந்திரத்தின் அவசியம். இதில் நாம் குற்றம் சொல்லுவதற்கில்லை. ஆனால் அதை எழுதி வைப்பதும், எத்தனை வருஷம் வைப்பதென்பதும் யந்திரத்தின் அவசியமல்ல. மனிதர்கள் செய்யும் முடிவு. நம் நாட்டில் இந்தக் கணக்கை ஓராண்டு வைத்திருக்க வேண்டுமென்றிருந்த நிபந்தனையை 2021 டிசம்பரில் இரண்டாண்டாக்கினார்கள். யாரைக் கேட்டு ஆக்கினார்கள்? உங்களைக் கேட்டார்களா? எம்மைக் கேட்கவில்லை.

"பேச்சைக் கேட்பதில்லையே, யார் யாரோடு எப்பொழுது பேசினார் என்றுதானே குறிக்கிறார்கள்" என்று இதற்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். ஒரு பெண் காலையில் ஒரு வைத்திய சாலைக்குப் பேசுகிறாள், பகலில் தாய்க்குப் பேசுகிறாள், இரவு ஒரு வக்கீலுக்குப் பேசுகிறாள் என்றால், பேச்சைக் கேட்டால்தானா சங்கதி தெரியும்? அமெரிக்காவின் ஒற்று இலாகாக்களுக்குத் தலைவராயிருந்த மைக்கேல் ஹேடன் என்பவர், இந்த வெளிக்குறிப்பை மட்டும் வைத்துக் கொண்டே தாங்கள் ஆட்களைக் கொல்லுவதாக 2014-இல் ஒரு மேடையில் ஒப்புக் கொண்டார். அந்த நாட்டு இலாகா கோடிக்கணக்கான ஜனங்களின் தொலைபேசிக் கணக்கைத் தினமும் வாங்கிக் கொண்டிருந்த சங்கதி, எட்வர்டு ஸ்னோடன் என்ற இளைஞர் 2013-இல் காகிதங்களை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு உறுதியாகத் தெரிந்தது.

எமன் சபையில் சித்திரகுப்தன் உட்கார்ந்து கொண்டு நமது செய்கைகளையெல்லாம் எழுதுகிறான் என்றார்கள். நாம் சிரித்தோம். அந்தக் கணக்கை எவனும் உயிரோடு பார்த்ததில்லை, அதை வைத்து எவனும் கடன் மறுத்ததில்லை, விலைக்கு விற்றதுமில்லை. ஆனாலும் அந்தப் பயம் ஒரு வேலையைச் செய்தது. எவனோ பார்க்கிறான் என்று நம்பியவன் கேள்வி கேட்பதை விட்டான். இன்று சிரிப்பதற்கில்லாத சித்திரகுப்தன் ஒருவனை நாமே விலை கொடுத்து வாங்கி, நாமே மின்சாரம் ஊட்டி, தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறோம். முந்தியவனுக்காவது செத்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

நிற்க, டீக்கடை நண்பருக்கு வருவோம். ஒளிக்க ஒன்றுமில்லையென்று சொல்லும் அவர் குளிக்கும்போது கதவைச் சாத்துகிறாரா இல்லையா? மகளுக்கு எழுதும் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுகிறாரா இல்லையா? குளிப்பது குற்றமா, மகளுக்குக் கடிதம் எழுதுவது கொலையா? மறைவு வேறு, களவு வேறு. ஓட்டுப் போடும்போது ஏன் திரை கட்டுகிறார்கள்? கூலிக்காரன் பண்ணையாரை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டுமானால் பண்ணையாருக்கு அது தெரியக்கூடாது. திரையை எடுத்துவிட்டால் பண்ணையாருக்கு ஒரு நஷ்டமுமில்லை; கூலிக்காரனுக்குத்தான் ஓட்டே இல்லாமற் போகும். மறைவு யாருக்கு வேண்டியிருக்கிறதென்று இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம். வலுத்தவனுக்கு மதில் இருக்கிறது, காவலாள் இருக்கிறான். இளைத்தவனுக்கு இந்தத் திரை ஒன்றுதான்.

இன்னொன்று. ஒளிக்க ஒன்றுமில்லையென்று நீர் சொல்லிப் பிரயோஜனமில்லை. எது ஒளிக்க வேண்டியது என்று முடிவு செய்கிறவன் நீரல்ல, கணக்கு வைத்திருப்பவன். இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் மதுரைச் சீமைக்கே போவோம்.

வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்தவன் பிறக்கும்போதே குற்றவாளி என்பது அதன் சாரம். பதிவு செய்யப்பட்டவன் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் போலீசிடம் போய்த் தன்னைக் காட்டிக் கொள்ள வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே "ரேகைச் சட்டம்". சிறைச்சாலையையோ சீட்டையோ அவர்கள் பெயராக வைக்கவில்லை, ரேகையைத்தான் வைத்தார்கள். விரலை மையில் தோய்த்து அழுத்தினவுடனே மனிதன் போய் அடையாளம் மட்டும் நிற்கிறது என்பது எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. (இந்த ரேகை வித்தைக்கு 1897-இல் கல்கத்தாவில் ஓர் ஆபீஸ் வைத்தார்கள். அதற்கு உழைத்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களை மறந்துவிட்டு, முறைக்கு மட்டும் ஹென்றி துரையின் பெயரை வைத்துக் கொண்டது வேறு சங்கதி.)

உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் சமூகத்தார் ரேகை கொடுக்க மாட்டோமென்று நின்றார்கள். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீசு சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அவர்கள் எதை ஒளித்தார்கள்? உழுது பிழைத்த குடியானவனுக்கு ஒளிக்க என்ன இருந்தது? "ஒளிக்க ஒன்றுமில்லாவிட்டால் ரேகை கொடுப்பதில் என்ன நஷ்டம்?" என்ற கேள்வி அன்றைக்கும் கேட்கக் கூடியதுதான். 1947-இல் நம் மாகாணத்திலும், 1952-இல் இந்தியா முழுவதிலும் அந்தச் சட்டம் எடுபட்டது.

அதே காலத்தில் வடக்கே ஐக்கிய மாகாணத்தில் கரக் சிங் என்ற ஒருவரை 1941-இல் கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியமில்லையென்று விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்களே தவிர, அவர் பெயருக்கு ஒரு கணக்கேட்டைத் திறந்து, இரவில் வந்து கதவைத் தட்டிக் கொண்டேயிருந்தார்கள். 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு, கதவு தட்டுவது மட்டும் தப்பு என்றது. மறைவுரிமை என்பதாக அரசியல் சட்டத்தில் ஒன்றுமில்லை என்றும் சொல்லிற்று. ஜட்ஜ் சுப்பா ராவ் ஒப்பவில்லை. ஒருவன் எங்கு போனாலும் கண்காணிப்பு இருக்குமானால் அவன் நடமாட்டம் சுதந்தர நடமாட்டமல்ல என்பது அவர் கட்சி.

இந்தப் பழைய தீர்ப்பை 2015-இல் தூசு தட்டி எடுத்து, குடிகளுக்கு மறைவுரிமை இல்லையென்று அதே கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் வாதாடினார். எதற்காக? ஆதாருக்காக. பத்து விரல், இரண்டு கண், ஒரு முகம், 12 இலக்கம். 100 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களின் ரேகை ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கனவிலும் காணாத காரியம்! இதை எதிர்த்து 2012-இல் வழக்குப் போட்டவர் 86 வயதான ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு ஜட்ஜ் புட்டசாமி. அவருக்கு ஒளிக்க என்ன இருந்தது? 2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 ஜட்ஜுகள் ஒருமுகமாக, மறைவுரிமை அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறுவருஷம் செப்டம்பரில் அந்த ஆதாரே 4-க்கு 1 என்ற கணக்கில் நிலைத்துவிட்டது. கம்பெனிகள் அதைக் கேட்பதற்கு இடங்கொடுத்த பிரிவு அடிபட்டது. உரிமை உண்டு, களஞ்சியமும் உண்டு! கல்லுடைத்தும் களைபறித்தும் ரேகை தேய்ந்த கிழவி ரேஷன் கடையில் விரலை வைத்தால், "நீ நீயல்ல" என்கிறது யந்திரம். அவளுக்கு இந்தத் தீர்ப்பில் எந்தப் பக்கம் கிடைத்ததென்று நமக்குத் தெரியவில்லை.

"நல்ல சர்க்கார்தானே, நன்மைக்குத்தானே" என்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஹாலந்து தேசத்தில் நல்ல சர்க்கார்தான் இருந்தது. நன்மைக்காகத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி, மதமும் குறித்து, அழகாக அடுக்கி வைத்தது. 1940-இல் ஹிட்லர் படை உள்ளே வந்தது. யூதர் யார் என்று அவர்கள் தேடித் திரிய வேண்டியதில்லை, சீட்டு தயாராயிருந்தது. 1943 மார்ச்சு 27-ந் தேதி இரவு சில கலைஞர்களும் மாணவர்களும் போலீசு உடை தரித்துப் போய் ஆம்ஸ்டர்டாம் பதிவு ஆபீசுக்கு வெடி வைத்துத் தீ மூட்டினார்கள். பிறகு பிடிபட்டு, 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குள் வெகு காரியம் நடந்து போயிருந்தது. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். எழுதி வைத்தவன் நல்லவனாகவே இருக்கட்டும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவன் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இனி, என்ன செய்வதென்பது. கைப்பேசியைக் கிணற்றில் போடச் சொல்லுகிறோமா? இல்லை. விஞ்ஞானத்தின்மீது நமக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் தரகர்மீதுதான். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்து கொண்டு, எல்லாம் தன் வழியாகத்தான் போக வேண்டுமென்று சொல்லி, போகிறதையெல்லாம் எழுதியும் வைத்துக் கொள்ளுவதென்பது யந்திரத்தின் விதியல்ல, வியாபாரத்தின் ஏற்பாடு. மின்னஞ்சலைப் பாருங்கள். உங்கள் கணக்கு ஒரு கம்பெனியில், எம் கணக்கு வேறொரு சின்ன இடத்தில். ஆனாலும் கடிதம் போய்ச் சேருகிறது. இப்படி ஒரே இடத்தில் குவிக்காத முறையில் ஊர்ப்பேச்சையும் நடத்தலாமென்று 2016-இல் மாஸ்டடான் என்று ஒன்றைச் செய்தார்கள். இந்த வாசகசாலையே ஒரு கணினியை வைத்து அதில் சேர்ந்து கொள்ளலாம். யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. ஆனால் இதையும் மந்திரமென்று நம்பி விடாதீர்கள். சின்னக் கணினிக்கும் ஒரு காவற்காரன் உண்டு. அவன் நினைத்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், ஒரு நாள் அலுத்துப்போய் மூடியும் விடலாம்.

இதைவிட முக்கியமானது பூட்டு. அனுப்புகிறவன் பூட்டினால் பெறுகிறவன் மட்டுமே திறக்கும்படி கணக்கு வித்தையால் ஒரு பூட்டு இருக்கிறது. சிக்னல் என்ற செயலியில் இருப்பது அதுதான். வாட்ஸ்அப்பும் 2016 முதல் அந்தப் பூட்டையே உபயோகிக்கிறது, ஆனால் யார் யாருக்கு அனுப்பினார் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரிகிறது. 2016-இல் அமெரிக்கக் கோர்ட்டு ஒன்று சிக்னல்காரர்களிடம் உபயோகிப்பவர் விவரமெல்லாம் கொடு என்று உத்தரவு போட்டது. கொடுக்க இருந்தது இரண்டே தேதிகள்: கணக்குத் திறந்த நாள், கடைசியாக வந்த நாள். அவர்கள் கோர்ட்டை மீறவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கைப்பேசிக்குள்ளேயே ஒற்றன் புகுந்தால் பூட்டும் பயன்படாது. பெகாசஸ் விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு வைத்த குழு 29 கைப்பேசிகளைப் பார்த்து 5-இல் ஏதோ கெட்ட சரக்கு இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தானா என்று உறுதி சொல்ல முடியவில்லை. சர்க்கார் ஒத்துழைக்கவில்லையென்று 2022 ஆகஸ்டில் கோர்ட்டிலேயே சொல்லப்பட்டது. 2023-இல் செய்த தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும், சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக் கொள்ள வழி வைத்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, கூட்டம் முடிந்ததும் புத்தக மேசைக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். டார்ச்சு விளக்குச் செயலி உங்கள் முகவரிப் புத்தகத்தைக் கேட்கிறதா, இருப்பிடத்தை எது எது பார்க்கிறது என்பதைக் காட்டி, அதை எப்படி நிறுத்துவதென்று சொல்லித் தருவார்கள். கைப்பேசியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே செய்யுங்கள். தாய்மார்கள் வீட்டிலுள்ள ஆண்பிள்ளை மூலமாக அல்லாமல் தாங்களே வரவேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். கடைக்காரர் ஒரு சீப்பு விற்பதற்கு உங்கள் நம்பரைக் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். நாம் கேட்டோம், பதில் வரவில்லை, சீப்பு மட்டும் வந்தது.

நாம் பேசியதில் தப்பு இருந்தாலும் சந்தேகமிருந்தாலும் காகிதத்தில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். டீக்கடை நண்பர் வந்திருந்தால் அவரும் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை.