ஈழத்து ஓலைவினையும் இறவாத் தமிழ்ச்சொல்லும்

(திட்டக்குடியில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கைக் கைவினை என்றவுடன் உலகத்தார் கண்முன் வருவன யாவை? அம்பலாங்கொடை முகமூடி, கண்டிப் பித்தளை விளக்கு, தும்பறைப் பாய். இவை சிங்கள மக்களின் கைத்திறம், போற்றத்தக்கனவே. பிறர் வினையைப் பழித்துத் தம் வினையை உயர்த்துவார் வினையின் அருமை அறியாதார். ஆயின், அதே தீவின் வடபுலத்தில், யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அமர்ந்து தமிழ்ப் பெண்டிர் இழைத்த ஓலைப்பெட்டிக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. அது சுவரில் மாட்டும் பொருளன்று. அடுப்படியில் புழங்கும் பொருள். நாளும் கைப்படுவது கண்ணிற் படுவதில்லை.

அப்பெண்டிர் கையில் ஓலை ஒன்றன்று. விரியாத இளமடல் குருத்தோலை. நுண்ணிய பெட்டிகளுக்கு அதுவே உரியது. விரிந்த பச்சையோலை சார்வோலை. பாய்க்கும் கடகத்திற்கும் ஆவது. காய்ந்து தொங்குவது காவோலை. குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சாயமிட்டும் இடாமலும் இழைப்பர். கடகத்தின் வாயைப் பனைநாரால் பொத்துவர். பிட்டு அவிக்கக் கூம்பு வடிவான நீற்றுப்பெட்டி, புடைக்கச் சுளகு, பனங்கட்டி வார்க்கக் குட்டான், மீன் கொண்டுவர உமல், ஒடியற்கூழ் குடிக்கப் பிளா. துலாவில் கட்டிக் கிணற்றுநீர் இறைத்ததும் ஓலைப் பட்டையே. ஒரு மரத்து இலை ஒரு குடும்பத்தை உண்பித்தது, உறங்கவைத்தது, பயிர்க்கு நீரும் பாய்ச்சியது!

இப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இவற்றை வகுத்தது எந்தக் கலைச்சொற் குழு? தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவ்வகையில் பனை புல்லினம். புல்லினத்துக்கு உரிய உறுப்புப் பெயர்களாக அவர் எண்ணியவற்றுள் தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு, குலை ஆகியன உண்டு. எழுத்தறியாத ஈழத்து மூதாட்டி ஒருத்தி மடல் என்றும் ஈர்க்கு என்றும் பாளை என்றும் இயல்பாக வழங்கும்போது, அவள் வாயில் நிற்பது தொல்காப்பியர் கண்ட அதே சொல். அதனை அவளுக்குக் கற்பித்தது பள்ளியன்று; கையிலிருந்த ஓலை. சிங்களத்தார் இன்றும் 'பெட்டிய' என வழங்குவது தமிழ்ப் 'பெட்டி'யே. வினை செல்லும் இடமெல்லாம் சொல்லும் செல்லும். வினை ஒழிந்த இடத்தில் சொல் அகரமுதலிக்குள் முடங்கும்.

கைவினையை எழுதிவைப்பதன் பயனுக்கு அத்தீவிலேயே சான்று உண்டு. 1877-இல் கொழும்பில் தமிழராகிய முத்துக் குமாரசாமிக்கு மகனாகப் பிறந்தவர் ஆனந்த குமாரசாமி. நில ஆய்வுப் பணியின்பொருட்டு ஊர் ஊராய்ச் சென்ற அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் வேலைமுறைகளை நேரிற் கண்டு, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் வெளியிட்டார். சிங்களக் கைவினையின் பெருமையை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர் மகன்! இதில் வருந்த ஏதுமில்லை, மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்நூலின் களம் கண்டி மலைநாடு. யாழ்ப்பாணத்துப் பெட்டி இழைப்போர் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டனர்.

ஓலையின் இன்னொரு வினை சுவடி. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரி பூசித் துலக்கும் அவ்வினை இல்லையேல் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்திருக்க முடியுமோ? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு அரிய சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் பனைகளும் தப்பவில்லை. காப்பரண் அமைக்க வெட்டுண்டவை பல. எறிகணையால் தலையிழந்து நின்றவை பல. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலக்கக் கணக்கில் ஊர்விட்டு வெளியேறினர். கையில் எடுத்துச் செல்ல இயன்றதை எடுத்தனர். பனந்தோப்பை எடுத்துச் செல்ல இயலுமோ?

போர் அழித்ததோடு, ஓசையின்றி அழித்தவையும் உள. நீற்றுப்பெட்டி இருந்த இடத்தில் அலுமினியக் குழல் வந்தது. பட்டை இருந்த இடத்தில் நீரிறைக்கும் பொறி. உமல் இருந்த இடத்தில் ஞெகிழிப்பை. இங்கும் அதுவே நிலை. தூய தமிழில் அழைப்பிதழ் அச்சிட்டு அதை ஞெகிழிப்பையில் வைத்து வழங்கும் அன்பர்களும் உளர்! தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்திலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிக்குத் தடை உண்டு. அதன் பின்னரே பலர்க்கு ஓலைப்பெட்டி நினைவுக்கு வந்தது.

வெள்ளாற்றங்கரை மக்களுக்கு இதில் வேலை இருக்கிறது. நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் சுளகு எனப்படுவது இப்பகுதியில் முறம். இங்கே பதநீர் குடிக்கும் ஓலைக்கலம் பட்டை. அங்கே பட்டை நீரிறைப்பது, குடிப்பது பிளா. கடலுக்கு இருபுறமும் ஒரே மொழி, ஒரே ஓலை. பெயர் மட்டும் இடம் மாறி நிற்கிறது. இவ்வேறுபாட்டை ஒப்பிட்டு எழுத இரு கரையின் சொல்லும் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் வேண்டும் எனத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தது. மரத்துக்கு அந்தக் காவல் உண்டு, சொல்லுக்கு எவர் காவல்? பள்ளி மாணவர் ஆளுக்கொரு சுவடி எடுத்து, பெட்டி முடைவோரிடம் சென்று, ஓலையை வாரும் கத்திக்கு என்ன பெயர், முதல் மடிப்புக்கு என்ன பெயர், முறத்தின் விளிம்பு மூங்கிலுக்கு என்ன பெயர் எனக் கேட்டு எழுதட்டும். விடை சொல்லத்தக்க மூதாட்டியார் சிலர் இவ்வவையிலேயே பின்வரிசையில் அமர்ந்திருத்தல் கூடும்.