முதியோர் வார்டு கட்டுமுன்
(நமது கிளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் நமது கிளையின் நன்கொடையாக முதியோர் வார்டு கட்டித் தருவதாகத் தீர்மானம் வந்திருக்கிறது. சந்தோஷம். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று அரைமணி பேசியாகிவிட்டது. நான் பாத்ரூமைப் பற்றிப் பேச அனுமதிக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என் தமையனாரை மூச்சுத் திணறலுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போது அவருக்கு வயது 81. நன்றாகத் தேறி, மறுநாள் டிஸ்சார்ஜ் என்றார்கள். அன்றிரவு டாய்லெட் வாசலில் இருந்த ஓரங்குலத் தடுப்பில் கால் இடறிற்று. பிடித்துக்கொள்ள, துண்டு போடும் கம்பி ஒன்றுதான் இருந்தது. அது சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. துணைக்கு இருந்த நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். என்னை எழுப்ப மனமில்லையாம். அதன்பின் மன்னியின் கையைப் பிடிக்காமல் அவர் நடந்ததில்லை.

நான் பௌதிகம் படித்தவன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது, கண்மணி சுருங்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி இருந்தும் இல்லாத மாதிரி. பளபளக்கும் கிரானைட்டோ, காய்ந்திருந்தாலும் ஈரமாகத் தோன்றும், ஈரமானால் வழுக்கும். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் எப்படித் தூக்குவது?

பிளானைப் பார்த்தேன். வாசல் தரையிலிருந்து இரண்டடி உயரம், சாய்தளம் பத்தடி நீளம். 1-க்கு 12 என்ற விதிப்படி 24 அடி வேண்டும். பத்தடியில் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் ஒரு பெட் போட வேண்டியிருக்கும்!

ஜன்னல் விஷயம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளிலும், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். நம் பிளானில் ஜன்னல் படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பகலா இரவா என்று தெரியாவிட்டால் முதியவர்களுக்குப் புத்தி தடுமாறும். பெரிய எழுத்தில் ஒரு கடிகாரமும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரோடு டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். மன்னியும் வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.