கதிர் மருத்துவத்தை இடையில் நிறுத்தலாமா?

 

ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி வருகிறது. "ஹஜ்ரத், வீட்டில் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதியைப் பெருநாளைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா?" மாங்காய்க் காலத்தில் தோப்புக் குத்தகைக்காரர்களும் இவ்வாறே கேட்கின்றனர்.

நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதி தந்துள்ளது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிரால் நோன்பு முறிவதுமில்லை. தொண்டையில் நோயுள்ளவர் நீரும் உணவும் இன்றி வாடினால் நோன்பைத்தான் பிற்படுத்த வேண்டுமேயன்றி மருத்துவத்தை அல்ல.

இம்மருத்துவம் பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாட்கள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் தரப்படுகிறது. நாள்தோறும் சிறிதளவே கதிர் பாயும். மறுநாளைக்குள் நல்ல திசுக்கள் தேறிக்கொள்ளும். புற்றணுக்கள் அவ்வளவு தேறுவதில்லை. ஆனால் வாய், தொண்டை, கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 4 வாரங்களுக்குப் பின் எஞ்சிய அணுக்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தலைப்படுகின்றன. பாதிக் களையெடுத்து விட்ட வயலின் கதைதான். தலை, கழுத்துப் புற்றுகளில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகிறது என்பது ஆய்வாளர் கணக்கு. கருப்பை வாய்ப் புற்றுக்கு உட்கதிர் உட்பட யாவும் 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும். "சனி, ஞாயிறு விடுகிறார்களே!" என்பீர்கள். அவ்விரு நாட்களும் கணக்கில் சேர்ந்தவை. நாம் எடுக்கும் விடுப்பு சேராதது.

வாய் வெந்து, விழுங்க முடியாமல், பலர் நின்றுவிடுவது மூன்றாம், நான்காம் வாரத்தில்தான். நிற்கவே கூடாத வேளையும் அதுவே! வேதனையை மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பேருந்துகள் நின்றன. மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நத்தத்திலிருந்து மதுரை பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்பவர் எல்லையைக் கடந்தாக வேண்டும். அக்காலத்தில் நாடெங்கும் பலருக்குச் சிகிச்சை தடைப்பட்டது. இன்று அத்தடை இல்லை. 2023 முதல் நத்தம் சாலையில் மதுரைக்குள் பறக்கும் பாலமும் இருக்கிறது. எனினும் நாள்தோறும் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்வது ஏழைக்கு எளிதன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. துணைக்கு வருபவரின் கூலியை யார் தருவது? பைத்துல்மாலில் இதற்கென ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

தவறிய நாளைக் கடைசியில் சேர்த்தால் கதிரின் அளவு நிறையும். கடந்த காலம் மீளாது. ஆதலால் மருத்துவர்கள் சிலருக்குச் சனிக்கிழமையும் கதிர் தருவர். அல்லது குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை தருவர். அந்த 6 மணி நேரம் வாய்ப்புண்ணோடு ஒருவர் எங்கே படுத்திருப்பார்? மதுரையில் வீடுள்ள நம் மஹல்லாவாசிகள் ஓர் அறையைத் தர இயலுமாயின், தொழுகைக்குப் பின் நம்மிடம் பெயர் கொடுக்கவும்.