ஆற்றின் மேல் ஒரு கூடாரம்



எவரெஸ்ட் ஏறியவர்களைப் பற்றி வகுப்பில் ஒருநாள் பேச்சு வந்தது. "பனிக்கட்டியாற்றின் மேல் கூடாரம் அடித்துத் தங்கினார்கள்" என்றேன். பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்தான். "சேர், ஆத்துக்கு மேல எப்பிடிக் கூடாரம் அடிக்கிறது?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. ஆறு என்றால் கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மகாவலி. இமயத்திலோ ஆண்டாண்டாகப் பெய்து இறுகிய பனி, தன் பாரத்தாலேயே பள்ளத்தாக்கு வழியாகக் கீழே நகருகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகருகிறது. ஆறு என்று பெயரிட்டவர் உவமைக்காக இட்டதாக நான் நினைக்கவில்லை.

நேபாளப் பக்கத்து அடிவார முகாம், கும்பு என்னும் அத்தகைய ஆற்றின் மேல், 5,300 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. கல்லும் மணலும் மூடிக் கிடப்பதால் தரைபோலத் தோன்றும். கற்களைப் பரப்பி மட்டப்படுத்திக் கூடாரம் போடுவார்கள். சுற்றியுள்ள பனிக்கட்டி வெயிலில் உருகும். கூடார நிழலில் உள்ளது உருகாமல் நிற்கும். சில வாரங்களில் கூடாரம் திண்ணைமேல் ஏறியதுபோல் ஆகிவிடும். பிறகென்ன, பெயர்த்து மறுபடி போடவேண்டியதுதான். இரவில் படுக்கைக்கு அடியிலேயே பனிக்கட்டி வெடிக்கும் ஓசை கேட்கும். நங்கூரமிட்ட வள்ளத்தில் படுத்துறங்கிய நம் கடற்றொழிலாளருக்கு அந்த உறக்கம் ஓரளவு விளங்கும்.

முகாமுக்கு மேலே இந்த ஆறு செங்குத்தாக இறங்கி, வீடளவு பாளங்களாக உடைகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நகரும் இடம் அது. வெடிப்புகளின் குறுக்கே ஏணி வைத்து வழி அமைப்பவர்கள் ஷெர்ப்பாக்கள். வெயில் ஏறுமுன் கடந்துவிட வேண்டுமென்று இருளிலேயே புறப்படுவார்கள். 1951இல் இவ்வழியை ஆராய்ந்த குழுவின் தலைவர் எரிக் ஷிப்டன், 1907இல் நமது இலங்கையில் பிறந்தவர்! அங்கேதான் 2014 ஏப்ரல் 18இல் பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். சிகரத்தில் கொடி பிடித்தவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. ஏணி சுமந்தவர்களின் படங்கள் வருவதில்லை. இது எனக்கு ஓர் உறுத்தல்.

மலேசியாவின் முதல் எவரெஸ்ட் வீரர்களான மகேந்திரனும் மோகனதாசும், 1997 மே 23இல் உச்சியைத் தொடுமுன் இதே ஆற்றின் மேல்தான் வாரக்கணக்கில் கிடந்தார்கள். மெல்லிய காற்றுக்கு உடல் பழகவேண்டுமல்லவா? ஏறுவதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

2016இல் நம் நாட்டு ஜயந்தி குறு உதும்பாலவும் யொஹான் பீரிசும் அங்கே காத்திருந்தார்கள். மே 21இல் ஜயந்தி உச்சியை அடைந்தார். இலங்கையருள் அவரே முதல்வர். பீரிஸ் ஒக்சிசன் சிக்கலால், உச்சிக்குச் சுமார் 400 மீற்றர் கீழே திரும்பினார். அவ்வளவு அண்மையில் திரும்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? உயிரோடு வந்தவர், 2018 மே 22இல் உச்சியை அடைந்தார்.

இதையெல்லாம் மாணவனுக்குச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அப்ப காலைல எழும்பினா வேற இடத்திலயா சேர் இருப்பினம்?" என்றான்.

"ஓம், கொஞ்சம் தள்ளி" என்றேன்.